பிரண்டையை ஆய்வு செய்வது எப்படி: உள்ளமைப்பு, சத்து, உண்ணும் பாதுகாப்பு

நெல்லைப் பக்கக் கல்லூரிகளில் தாவரவியலோ உணவியலோ படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்கு ஒரு காட்டுச் செடியைத் தேடும்போது பிரண்டையில்தான் அடிக்கடி வந்து நிற்கிறார்கள். உடை மரத்திலும் கள்ளி வேலியிலும் தானாக ஏறிக் கிடக்கும், காசு கொடுக்க வேண்டாம், வீட்டில் துவையலும் அரைக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் காயவைத்துப் பொடித்துச் சத்துச் சோதனைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒப்புக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம். கடைசியில் "உண்ணப் பாதுகாப்பானது" என்று ஒரு வரி.

அடையாளம், உள்ளமைப்பு, நாக்கை அரிக்கவைக்கும் ஆக்ஸலேட் என்ற உப்பு, சமைத்த பண்டம், அதற்குப் பிறகு சத்து என்பதுதான் வேலை ஓடும் வரிசை. மைக்ராஸ்கோப்பில் தெரிவதை வைத்துத்தான் எதைச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். பச்சைத் தண்டின் காய்ந்த பொடியை யாரும் தின்பதில்லை. ஆகவே அந்தப் பொடியின் எண்கள் மட்டும் யாருக்கும் உதவாது.

1. கிளம்பும் முன்

நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, கத்தரி, காகிதப் பைகள், பென்சில், இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ் உள்ள போன் ஆகியவை வேண்டும். கூடவே ஃபார்மலின் 5 மி.லி., அசெட்டிக் அமிலம் 5 மி.லி., 70% எத்தனால் 90 மி.லி. கலந்த எஃப்.ஏ.ஏ. கரைசலைச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய திசு வாடத் தொடங்கினால் செல்கள் சுருங்கிவிடும். அதனால் வேலியடியிலேயே குப்பிக்குள் போட வேண்டும்.

பறிக்கும் இடத்துக்கு அனுமதியும் வேண்டும். தோட்ட வேலி என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் போன்ற இடங்களில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கணுவைக்கூட ஒடிக்கக் கூடாது. தரிசு நிலங்களிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது அங்கே போக வேண்டிய தேவையும் இல்லை.

2. இது பிரண்டைதானா?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. நம் பக்கத்தில் நாலு பட்டைத் தண்டோடு மூன்று செடிகள் ஒரே வேலியில் வளரும்: பிரண்டை, சதுரக்கள்ளி, கல்முளையான்.

பிரண்டை, அதாவது சிசஸ் குவாட்ராங்குலாரிஸ், திராட்சைக் குடும்பத்துக் கொடி. ஒவ்வொரு கணுவிலும் தண்டு இடுங்கியிருக்கும். கணுவின் ஒரு பக்கம் இலை, அதற்கு நேர் எதிரே சுருளும் பற்றுக்கம்பி. வறண்ட காலத்தில் இலை உதிர்ந்துவிட்டாலும் கம்பியோ அதன் காய்ந்த அடியோ இருக்கும். ஒடித்தால் பால் வராது, வழவழப்பான சாறுதான் வரும்.

சதுரக்கள்ளியில் கம்பி கிடையாது, விளிம்பில் இரட்டை முள் இருக்கும், கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்முளையானில் பாலும் இல்லை, கம்பியும் இல்லை. தரையிலிருந்து எழும் குட்டையான சதைத்தண்டு.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: இடுங்கிய கணு, இலைக்கு எதிரே கம்பி, பாலில்லாத சாறு. மூன்றும் சேர்ந்தால்தான் பையில் போடலாம். தண்டின் பட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரண்டை கள்ளியின் மேலேயே படர்ந்திருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். ஒடிந்த கள்ளிக் கிளையின் பால் பிரண்டைத் தண்டில் வடிந்து காய்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பெயரைச் சரிபார்க்கப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் உலர்த்திய செடிகளைத் தாளில் சேமித்து வைக்கும் ஹெர்பேரியமோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமோ உதவும். ஊர்ப்பெயர் போதாது. முப்பிரண்டை, உருட்டுப் பிரண்டை, ஓலைப் பிரண்டை என்று பிரண்டைகள் பல உண்டு.

3. பறிப்பதில் மூன்று கவனம்

முதலாவது, இடம். கயத்தாறு, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகப் போகும் நான்குவழிச் சாலை ஓரத்தில் செழிப்பான பிரண்டை கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். வண்டிப் புகையும் தூசியும் படிந்த செடியில் நீங்கள் அளப்பது சாலையைத்தான். செங்கல் சூளை, மருந்தடிக்கும் பருத்திக்காடு ஆகியவற்றின் ஓரமும் அப்படியே.

இரண்டாவது, நேரம். பிரண்டைத் தண்டு இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் விடியற்காலையில் பறித்த தண்டில் புளிப்பு அதிகம், சாயங்காலம் குறைவு. ஒருநாள் காலையிலும் இன்னொரு நாள் மாலையிலும் பறித்து ஒப்பிட்டால், ஊருக்கு ஊர் வேறுபாடு என்று நீங்கள் நினைப்பது வெறும் நேர வேறுபாடாக இருக்கும். ஒரு நேரத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதே நேரத்தில் பறித்து, அதைக் குறித்துவையுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரே கொடியைப் பறித்துப் பொடித்து, அந்தப் பொடியை மூன்று முறை சோதித்தால் அது மூன்று மாதிரி ஆகாது. உங்கள் கை எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். செடிக்குச் செடி என்ன வேறுபாடு என்று தெரிய வேண்டுமானால், தள்ளித் தள்ளி இருக்கும் ஐந்து கொடிகளையாவது தனித்தனிப் பையில் எடுத்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இங்கிருந்துதான் வரும்.

ஐப்பசி மழைக்குப் பின் கொழுந்து நிறையக் கிடைக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது செம்மண் தூசி தண்டில் அப்பியிருக்கும். எந்த மாதம் என்றாலும் எழுதிவையுங்கள்.

4. ஹெர்பேரியம் தாள்

சாட்சி மாதிரி இல்லாத ஆய்வை யாரும் திரும்பச் சோதிக்க முடியாது. கணு, கம்பி, இலை, கிடைத்தால் பூவோ கனியோ உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

இலைச்செடியைப் போல அப்படியே நாளிதழுக்குள் வைத்து அழுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பிரண்டை சதைப்பற்றுள்ள தண்டு, எளிதில் சாகாது. தாளுக்குள்ளேயே துளிர்க்கும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கொதிநீரில் சற்று முக்கி எடுத்து, தண்டை நீளவாக்கில் பிளந்து உள்சதையைச் சுரண்டிவிட்டு அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும்.

5. கழுவுவதும் பிரிப்பதும்

குழாய் நீரில் இருமுறை, பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை. கணு இடுக்கில் மண் தங்கும். மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும். நம் செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்தது. கழுவாத தண்டில் இரும்புச்சத்து கொட்டிக் கிடப்பதாக எண் வந்து நிற்கும்.

அடுத்து, கொழுந்து, முற்றிய தண்டு, உரித்த நார், கணு என்று நான்காகப் பிரித்து எடை போடுங்கள். வீட்டில் அம்மாவோ ஆச்சியோ துவையலுக்கு ஆயும்போது இளசை மட்டும் ஒடித்து, நாரை உரித்து, கணுவை எறிந்துவிடுவார்கள். உண்ணும் பகுதி எது, எறியும் பகுதி எது என்பதை அவர்கள் கையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முழுத்தண்டையும் ஒன்றாக அரைத்தால் யாரும் உண்ணாத ஒரு பொருளின் சத்தை அளந்ததாகவே ஆகும்.

6. குறுக்குவெட்டு

மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோம் கருவி இல்லையென்றாலும் புதிய ரேசர் பிளேடு போதும். தண்டு சதைப்பற்றாக இருப்பதால் பச்சையாக வெட்டினால் நசுங்கும். எஃப்.ஏ.ஏ.-யில் ஒருநாள் ஊறிய துண்டு விறைப்பாக இருக்கும். அதைக் கேரட் துண்டின் பிளவில் செருகிப் பிடித்து, பிளேடை ஈரமாக வைத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் செல்கள் கிழியும். பத்து வெட்டில் ஒன்று நன்றாக வந்தால் போதும். ஒரு ஓரம் மெலிந்து தெரிந்தாலே படம் எடுக்கலாம்.

டொலுய்டின் புளூ சாயத்தில், மரம்போல் கெட்டியாக்கும் லிக்னின் உள்ள செல்சுவர்கள் பச்சை கலந்த நீலமாகவும், மற்றவை ஊதா அல்லது இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஒரே சாயத்தில் இரண்டும் பிரிந்துவிடுவதால் புதியவர்களுக்கு இதுவே எளிது. வெளியிலிருந்து உள்ளே இந்த வரிசையில் பாருங்கள்: தடித்த கியூட்டிக்கிள் (மெழுகுப் படலம்) போர்த்திய ஓரடுக்குப் புறத்தோல், அதன் உள்ளே புறணி, நான்கு மூலையிலும் தண்டைத் தாங்கும் கோலன்கைமாத் திட்டுகள், நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக, பெரிய கற்றைகளின் மேல் கெட்டியான ஸ்கிளீரன்கைமாத் தொப்பி, நடுவில் பித் என்னும் அகன்ற நடுச்சதை. உரித்தெடுத்த நாரையும் தனியாக ஒரு ஸ்லைடில் வைத்து, இதில் எந்தத் திசு உரிந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். சமையலறை எதை நீக்குகிறது என்பதற்கு இதுவே நேரடிச் சான்று. ஆனாலும் பெரும்பாலான ஆய்வேடுகளில் இந்தப் படத்தைக் காண முடிவதில்லை.

அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் புறணியிலும் பித்திலும் மாவுச்சத்து மணிகள் கருநீலமாகும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஊசிகளைத் தேடுவது

பிரண்டை தொட்டால் கை நமைப்பதற்கும், சரியாகச் சமைக்காவிட்டால் நாக்கு அரிப்பதற்கும் முக்கியக் காரணம் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள். ரேஃபைடு எனப்படும் இவை வழவழப்பான பசை நிறைந்த தனிச் செல்களுக்குள் கட்டுக்கட்டாக இருக்கும். புறணியின் வெளிப்பகுதியிலும் வாஸ்குலார் கற்றைகளைச் சுற்றியும் தேடுங்கள். இரண்டு போலராய்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒன்றை ஸ்லைடுக்குக் கீழும் ஒன்றை மேலும் வைத்தால் புலம் இருண்டு, படிகங்கள் மட்டும் பளிச்சென்று ஒளிரும்.

படிகம் எதுவென்று உறுதி செய்ய இரண்டு சொட்டு அமிலம் போதும். அசெட்டிக் அமிலத்தில் கரையாமல் நின்று, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழி இல்லாமல் கரைந்தால் அது கால்சியம் ஆக்ஸலேட். அசெட்டிக் அமிலத்திலேயே குமிழியோடு கரைந்தால் கால்சியம் கார்பனேட்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. லிக்னினுக்காக ஃபுளோரோகுளூசினாலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இட்ட அதே ஸ்லைடில் படிகத்தைத் தேடுகிறார்கள். அமிலம் அதைக் கரைத்திருக்கும். உடனே "படிகங்கள் காணப்படவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். சாயமே இடாத ஸ்லைடில் முதலில் படிகத்தைப் பாருங்கள். லிக்னின் சோதனையைக் கடைசியில், வேறு ஸ்லைடில் வையுங்கள்.

கொழுந்து, முற்றிய தண்டு, நார், கணு ஒவ்வொன்றிலும் ஒரே பரப்பளவில் எத்தனை ஊசிச் செல்கள் என்று எண்ணுங்கள். அடுத்த படியில் வரும் வேதியியல் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டியிருக்கும்.

8. ஆக்ஸலேட்: மொத்தம் ஒன்று, கரைவது ஒன்று

ஒரே பொடியில் இரண்டு அளவு வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து எடுத்தால் மொத்த ஆக்ஸலேட். வெறும் தண்ணீரில் எடுத்தால் கரையும் ஆக்ஸலேட். இரண்டின் வித்தியாசம்தான் ஊசிகளாகக் கிடக்கும் கரையாத பகுதி. கரையாதது வாயையும் தொண்டையையும் குத்தும். கரைவது குடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்துக்குப் போகும். இரண்டின் ஆபத்தும் வேறு வேறு. ஒரே எண்ணாகச் சொன்னால் இரண்டுமே மறைந்துவிடும்.

வடிநீரில் நேரடியாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்யாதீர்கள். பிரண்டையில் உள்ள பசை, சர்க்கரை, பீனால்கள் எல்லாம் பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும், எண் ஊதிப்போகும். கால்சியம் குளோரைடு சேர்த்து ஆக்ஸலேட்டைப் படியவைத்து, வடிகட்டிக் கழுவி, சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, சுமார் 70 டிகிரி செல்சியஸில் டைட்ரேட் செய்யுங்கள். ஆறிப்போனால் வினை மந்தமாகி முடிவுப் புள்ளி ஏமாற்றும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்தலாம். 0.05 நார்மல் பெர்மாங்கனேட் ஒரு மி.லி.க்கு 2.25 மி.கி. ஆக்ஸாலிக் அமிலம் என்பது கணக்கு.

9. துவையலைச் சோதிப்பது

என் பார்வையில் ஆய்வின் இதயமே இந்தப் படிதான். ஒரே பறிப்பிலிருந்து ஐந்து கட்டத்தில் மாதிரி எடுங்கள்: பச்சைத் தண்டு, நார் உரித்தது, நல்லெண்ணெயில் வதக்கியது, புளி சேர்த்து வதக்கியது, அரைத்த துவையல். கூடவே பிரண்டை மட்டும் இல்லாமல் அதே உளுந்து, வற்றல், புளி, உப்பு வைத்து இன்னொரு துவையல். இந்த ஆறாவது இல்லாவிட்டால், உளுந்தின் புரதம் பிரண்டையின் கணக்கில் ஏறிவிடும். சில வீடுகளில் எள்ளும் சேர்ப்பார்கள். எள்ளிலேயே ஆக்ஸலேட் உண்டு என்பதால் சோதனைத் துவையலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வொரு கட்டத்திலும் முழு எடையையும் எழுதுங்கள். வதக்கும்போது தண்ணீர் போய்விடுவதால் 100 கிராமுக்கு ஆக்ஸலேட் கூடியதாகத் தெரியும். உண்மையில் ஒன்றும் கூடியிருக்காது. தொடங்கிய எடையில் இருந்த மொத்தம் எவ்வளவு, முடிவில் மீந்தது எவ்வளவு என்று கணக்கிட்டால்தான் சமையல் என்ன செய்தது என்று தெரியும்.

இன்னொன்று. கீரையை வேகவைத்து நீரை இறுத்தால் கரையும் ஆக்ஸலேட் நீரோடு போகும். துவையலில் இறுப்பது கிடையாது. அதனால் நாக்கு அரிப்பு அடங்கிவிட்டது என்பதை வைத்து ஆக்ஸலேட் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. வேகவைத்து இறுத்து அரைத்த ஒரு துவையலையும் சேர்த்துச் சோதித்தால் ஆய்வுக்குக் கூடுதல் மதிப்பு.

பச்சைத் தண்டை யாரும் கடித்து ருசி பார்க்க வேண்டாம். வகுப்பு நண்பர்களை உட்காரவைத்துத் துவையல் ருசிக்கு மதிப்பெண் வாங்குவதாக இருந்தால், கல்லூரியின் மனித ஆய்வு அறநெறிக் குழு ஒப்புதல் முதலில் வேண்டும்.

10. சத்துச் சோதனை

இங்கே வழக்கமான முறைகளே போதும். ஈரப்பதம் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை, சாம்பல் 550 டிகிரியில், கொழுப்பு சாக்ஸ்லெட் கருவியில், புரதம் ஜெல்டால் முறையில் வரும் நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கி. மெல்லிய வில்லைகளாக வெட்டிக் காயவையுங்கள். முழுத்துண்டு லேசில் காயாது. இரும்பு அளக்கும் பொடியை ஸ்டீல் மிக்ஸியில் அரைக்காமல் பீங்கான் உரலில் இடியுங்கள்.

சில இடங்களில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

நார்ச்சத்தைப் பழைய அமிலம், காரம் முறையில் எடுத்தால் பிரண்டையின் பசை கரைந்து போய்விடும், எண் குறையும். முடிந்தால் நொதி முறையில் மொத்த நார்ச்சத்தாக எடுங்கள்.

சாம்பலில் அமிலத்தில் கரையாத பகுதியையும் அளங்கள். அது அதிகமாக இருந்தால் மணல் ஒட்டியிருக்கிறது, அந்த மாதிரியின் இரும்பு எண்ணை நம்பக் கூடாது.

வைட்டமின் சி-யைப் பறித்த அன்றே, மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் அரைத்து அளக்க வேண்டும். காய்ந்த பொடியில் அதைத் தேடுவதில் பயனில்லை.

கால்சியம்தான் எல்லோரும் ஆசையோடு எழுதும் எண். அதை ஆக்ஸலேட் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தே படியுங்கள். ஒரு மி.கி. கால்சியத்தை முழுதும் கட்டிவைக்க 2.25 மி.கி. ஆக்ஸாலிக் அமிலம் போதும். ஊசிகளாகக் கட்டுண்ட கால்சியம் உடம்பில் மிகக் குறைவாகவே சேரும். ஆனால் சாம்பலாக்கி அமிலத்தில் கரைக்கும்போது அதுவும் கணக்கில் வந்துவிடும்.

ஒப்பிடும்போது ஈர எடையையும் உலர் எடையையும் குழப்பாதீர்கள். தண்டில் 90% நீர் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த 100 கிராமில் 2,000 மி.கி. கால்சியம் என்பது பச்சையான 100 கிராமில் 200 மி.கி. மட்டுமே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைகள் உண்ணும் பகுதியின் 100 கிராமுக்கு எண் தருகின்றன. உலர் பொடியின் எண்ணை அங்குள்ள முருங்கைக்கீரையோடு ஒப்பிட்டுப் பிரண்டை வென்றுவிட்டது என்று எழுதினால் அது தவறான தகவல், அவ்வளவுதான்.

11. உலோகங்கள், நச்சுச் சோதனை

ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மூலிகைப் பொருட்களுக்கு ஆயுர்வேத மருந்துநூல் வைக்கும் உச்ச அளவு, பத்து லட்சத்தில் முறையே 10, 0.3, 3, 1 பங்கு.

விலங்குகளில் நச்சுச் சோதனை இளநிலை மாணவர் வேலையல்ல. அதற்கு நிறுவன விலங்கு அறநெறிக் குழுவின் முன் ஒப்புதலும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். உப்புநீர் இறால் குஞ்சுச் சோதனையைக் கல்லூரியிலேயே செய்யலாம். ஆனால் அது முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. குஞ்சுகள் பிழைத்தால் மனிதருக்குப் பாதுகாப்பு என்று பொருள் அல்ல.

12. முடிவை எழுதுவது

அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தப் பகுதி, எந்த மாதம், எந்த நேரம், ஈர எடையா உலர் எடையா, எத்தனை செடி என்ற ஐந்தும் தெரிய வேண்டும். பச்சைத் தண்டின் நிரலுக்குப் பக்கத்திலேயே துவையலின் நிரலும், அதற்கடுத்து ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் அளவுக்கான நிரலும் வரட்டும். துவையலைத் தொட்டுக்கொள்ளத்தான் உண்கிறோம்; 100 கிராம் யாரும் உண்பதில்லை.

எலும்பு ஒட்டும், மூலம் தீரும் என்ற வரிகளை இந்தச் சோதனைகளை வைத்து எழுத முடியாது. ஒரு சோதனையும் அதை அளக்கவில்லை. அதேபோல் "பாதுகாப்பானது" என்ற ஒற்றைச் சொல்லையும் எழுதாதீர்கள். எந்தப் பகுதி, எப்படிச் சமைத்தது, எவ்வளவு என்று சொல்லி, கரையும் ஆக்ஸலேட் எவ்வளவு மீந்திருக்கிறது என்று எழுதுங்கள். அந்த அளவு அதிகமாக இருந்தால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற வரியை அட்டவணைக்கு நேர் கீழேயே போடுங்கள். கடைசிப் பக்கத்தில் போட்டால் துவையல் அரைக்கிறவர் கண்ணில் படாது.